முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கு

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் முகத்தில் விழுந்த ஒளியையே போற்றி எழுதினர். முகத்துக்குப் பின்னே சுவரில் விழும் ஒளிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது சற்றுத் தாமதமாகவே தொடங்கிற்று.

1839இல் பாரிசில் டாகரின் முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு முகத்தைப் பதிக்க நிமிடக் கணக்கில் ஒளி வேண்டியிருந்தது. ஆகவே ஒளிப்பட நிலையங்கள் மாடியின் உச்சிக்கு ஏறி, கண்ணாடிக் கூரையின் கீழ் அமர்ந்தன. கூரைவழி இறங்கும் பகலொளி ஆள்மீதும் சுவர்மீதும் ஒருசேரப் பாயும். இரண்டையும் பிரித்தாள்வது அரிதாயிருந்தது. ஒளியால் இயலாததைத் தூரிகையால் ஈடுசெய்தனர். 1854இல் டிஸ்டெரி சிறு அட்டைப் படங்களுக்குக் காப்புரிமை பெற்றபின், தூணும் ஏரியும் மாளிகைப் படிகளும் தீட்டிய திரைகள் பெருகின. தம் வாழ்நாளில் ஏரியே காணாத கடைக்காரரும் ஏரிக்கரையில் நின்றார். நம் ஊர் நிலையங்களிலும் நெடுங்காலம் தொங்கிய திரைகள் அவற்றின் வழிவந்தவையே.

அதே பாரிசில், அதே ஆண்டுகளில், நதார் அந்தத் திரைகளை ஒதுக்கினார். கவிஞர் போதலேர் அவர்முன் அமர்ந்தபோது பின்னே இருந்தது வெறுமை மட்டுமே. துணிச்சலான செயல்தான், ஆயினும் வெறுமைக்கும் ஓர் இடர் உண்டு. கருங்குப்பாயம் அணிந்தவரை இருண்ட சுவர்முன் அமர்த்தினால் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கருங்கூந்தல் இருளில் கரைய, முகம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

மின்விளக்கு நிலையத்துக்குள் வந்த பிறகே இதற்கு முழு விடை கிடைத்தது. முகத்துக்கு ஒரு விளக்கு, சுவருக்குத் தனியே ஒரு விளக்கு. ஆளிலிருந்து ஒன்றரை மீட்டரில் உள்ள விளக்குக்குச் சுவர் மூன்று மீட்டர் தொலைவில் இருந்தால், சுவருக்குக் கிட்டுவது முகம் பெறும் ஒளியில் கால் பங்கே. ஆளைச் சுவரைவிட்டு முன்னே நகர்த்தினால் அவருடைய நிழலும் சட்டகத்துக்கு வெளியே வீழ்ந்துவிடும். பின்னர் அந்த இருண்ட சுவரில் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு ஒளியை ஏற்றலாம். குட்டையான தாங்கியில் அவர் முதுகுக்குப் பின்னே ஒரு விளக்கு மறைந்து நிற்கும். அது சுவரை நெருங்கினால் சிறிய, அழுத்தமான ஒளிவட்டம். விலகினால் ஓரங்களில் தேய்ந்து பரவும் மென்மை. முகத்தின் நிழற்பக்கத்துக்குப் பின்னே சுவர் வெளுத்திருக்க வேண்டும், ஒளிப்பக்கத்துக்குப் பின்னே இருண்டிருக்க வேண்டும் என்பது கைதேர்ந்தோர் வழக்கு. அகப்பாடலில் நிலமும் பொழுதும் தாம் பேசாமல் உரிப்பொருளைப் பேசவைப்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

இதைத் தம் கலையின் உயிராக்கிக் கொண்டவர்களுள் ஒருவர் யூசுஃப் கார்ஷ். 1908இல் மார்தினில் பிறந்த ஆர்மீனியர். தம் இனம் அழிக்கப்பட்ட நாள்களைக் கண்டு தப்பிக் கனடா சேர்ந்தவர். 1928இல் பாஸ்டனில் ஜான் காரோவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். காரோவுக்குப் பகலொளியே எல்லாம். வெளிச்சம் மங்கினால் வேலை நிற்கும். பிறகு இசைவாணரும் கலைஞரும் அங்கே கூடுவர். ஒட்டாவாவுக்கு வந்த கார்ஷ் ஒரு நாடகக் குழுவோடு பழகியபோதுதான், கதிரவனைக் கேளாமல் மனிதன் தானே ஒளியை ஏவமுடியும் என்பதை மேடை விளக்குகளில் கண்டார்.

1941 டிசம்பர் 30 அன்று கனடா நாடாளுமன்றத்தில் சர்ச்சிலைப் படமெடுத்தார். வாயிலிருந்த சுருட்டை அவர் பறித்த கதையை எல்லோரும் சொல்வர். முந்தைய மாலையே அவைத்தலைவர் அறையில் விளக்குகளை நிறுத்தி வைத்திருந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. இருண்ட மரப்பலகைச் சுவர், கருநிற உடை. இருந்தும் உருவம் சுவரில் கரையவில்லை. சினம் சுருட்டால் வந்திருக்கலாம். அந்தச் சினத்துக்கு நிற்க இடம் தந்தது ஒளியமைப்பு. 2016இல் இங்கிலாந்து வங்கி அம்முகத்தை 5 பவுண்டுத் தாளில் அச்சிட்டபோது அந்தச் சுவரை அகற்றிவிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் காட்சியைப் பின்னே வரைந்தது. டிஸ்டெரி காலத்துத் திரை மீண்டும் வந்து தொங்கிற்று!

1954இல் பிரான்சின் பிராத் நகரில், மடாலயம் ஒன்றில், செல்லோ இசைமேதை பாப்லோ காசல்சை எடுத்த படத்தில் கார்ஷ் முகத்தையே விட்டுவிட்டார். கலைஞர் முதுகைக் காட்டி அமர்ந்து வாசிக்கிறார். எதிரே வெறுங் கற்சுவர், உயரத்தே ஒரு சிறு சன்னல். அப்படம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தபோது ஒரு முதியவர் நாள்தோறும் வந்து அதன்முன் நெடுநேரம் நின்றாராம். காரணம் கேட்ட அலுவலரை அவர் அதட்டி, தாம் இசை கேட்டுக்கொண்டிருப்பது தெரியவில்லையா என்றாராம். கார்ஷே இதைச் சொல்லியிருக்கிறார்.