ஒண்ணும் ஆகாது

1985-ஆம் வருஷம், ஆடி மாதம். தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகிற முதல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு 26 வயது இருக்கும். மூன்று பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கடைசிக் குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை. அதற்குள் நாள் தள்ளிப்போய்விட்டது. நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாதி வழியில் அவள் என் காதருகே குனிந்து, "வலிக்குமா நர்சம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மத்தியானம் அதே தடத்து பஸ்ஸில் திரும்பினோம். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது புடவை நனைந்திருந்தது. அன்று ராத்திரி அவள் புருஷன் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான்: "ரத்தம் நிக்கல, செத்துடுவேன்னு அழுவுறா." போய்ப் பார்த்தேன். இருக்க வேண்டிய அளவுதான் போய்க்கொண்டிருந்தது. கருவைச் சுரண்டி எடுத்த பிறகு சில நாள் கசியும், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாவு வந்துவிட்டதென்று ஆறு மணி நேரம் அவள் நம்பிக் கிடந்தாள். 35 வருஷ வேலையில் என்னை விடாமல் துரத்தியது அந்த ஆறு மணி நேரம்.

எங்கள் அம்மா காலத்தில் இதற்கெல்லாம் மருத்துவச்சிப் பாட்டிதான். இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வருவாளாம். கருஞ்சீரகக் கஷாயம், எள்ளும் வெல்லமும், பப்பாளிக்காய் என்று ஆரம்பமாகும். பெரும்பாலும் எதுவும் நடக்காது. பிறகுதான் எருக்கங்குச்சி. அதனால் கர்ப்பப்பை சீழ்ப்பிடித்தும் ரணஜன்னி கண்டும் எத்தனை பெண்கள் போனார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. 'வயித்துவலி வந்து செத்தா' என்று ஊர் முடித்துவிடும். அந்தப் பாட்டியை நான் உயர்த்திப் பேசவில்லை. அவள் கை பட்டுப் பெண்கள் செத்திருக்கிறார்கள். ஆனால் விடியும்வரை தலைமாட்டிலேயே இருந்து, "இப்ப இழுக்கும், கொஞ்ச நேரத்துல விடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வந்தபோது குச்சி ஒழிந்தது, நல்லது. அந்தப் பேச்சும் கூடவே ஒழிந்துவிட்டது.

பின்வாசல் வழியாக வரவேண்டியிருந்ததற்குக் காரணம் 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம், 312-ஆம் பிரிவு. பெண்ணின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு எதற்குக் கருவைக் கலைத்தாலும் 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் 7 ஆண்டு வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் இதே தண்டனைதான். வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போனதை நூறு வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. 1964-இல்தான் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1966-இல் அது கொடுத்த அறிக்கை, நாட்டில் ஆண்டுக்கு 39 லட்சம் கருக்கலைப்புகள் நடப்பதாகக் கணக்கிட்டது. சட்டம் இருந்தபடியே இருக்க, பின்வாசல்களும் திறந்தபடியேதான் இருந்திருக்கின்றன.

1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது 12 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவு, 20 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நான் பெண்களைக் கூட்டிப்போன இடங்களில் எல்லாம் "புருஷன் கையெழுத்து எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அடுத்த கேள்வி, "குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பண்ணிக்கிறியா?" அப்போது எங்களுக்கெல்லாம் ஆபரேஷனுக்கு டார்கெட் இருந்தது; 1996-இல்தான் அதைக் கைவிட்டார்கள். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால்தான் கழுவி விடுவோம் என்று பெண்களை மிரட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணிக்கை என் நோட்டிலும் ஏறியது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

ஒருத்தி ஐந்தாம் மாதத்தில் வந்தாள். அந்த மாதத்தில் அன்றைக்கெல்லாம் குழாய் வழியாக மருந்து செலுத்தி வலி வரவைப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். சரியான பிரசவ வலி. அதையாவது அவள் ஓரளவு எதிர்பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொண்டு பால் வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "சாமி என்னைக் கேக்குதா நர்சம்மா?" என்றாள். இல்லடீ, நாள் கடந்த கரு போனாலும் உடம்பு பிரசவம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், பால் சில நாளில் வற்றிவிடும் என்றேன். இதை நாலு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம்.

சுரண்டி எடுப்பதற்குப் பதில் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் முறை பரவியபோது மேஜை வேலை சில நிமிஷத்தில் முடிந்தது, காயமும் குறைந்தது. அப்புறம் மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோனுக்கு இந்தியாவில் 2002-இல் அனுமதி கிடைத்தது. 2015-இல் நாடு முழுக்க நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம். அவற்றில் முக்கால்வாசி ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். என்ன ஆகும் என்று சொல்வதற்கு அங்கே மருத்துவச்சியும் இல்லை, நர்சும் இல்லை.

இதற்குள் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை. ஊருக்குள் வந்து சேர்ந்ததோ, 'கலைச்சாலே ஜெயில்' என்ற பயம். ரத்தப்போக்கு மிஞ்சியும் போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தேன். முதல் மாத்திரைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடுகிற இரண்டாவது மருந்துக்கு, சில மணி நேரத்துக்குள் அடிவயிறு இழுக்கும். மாதவிலக்கு நாள் வலியைவிட அதிகமாகவே இருக்கும். குளிர் நடுங்கும், குமட்டும், வயிற்றால் போகும். ரத்தம் கட்டிகட்டியாக வரும்; பயப்படாதே. பிறகு ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேடு முழுக்க நனைந்து அடுத்த மணி நேரமும் அப்படியே போனாலோ, காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினாலோ, நாற்றம் அடித்தாலோ, ஒருபக்கமாகக் குத்தி வலித்து மயக்கம் வந்தாலோ, நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. ரத்தமே வரவில்லை என்றாலும் வந்து காட்டு. இரண்டு வாரத்துக்குள்கூட மறுபடி கரு தங்கலாம், கவனம்.

"அப்ப இனிமே புள்ள தங்குமா?" என்று எல்லாரும் கேட்பார்கள். முறையாகச் செய்தால் அதற்கு ஒரு குறையும் வராது.

மனசைப் பற்றித்தான் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. அதிகம் பேர் 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டதைத்தான் நான் பார்த்தேன். 'அப்பாடா என்று தோணுதே, நான் என்ன பொம்பளை' என்று அதற்காகவே அழுதவர்களும் உண்டு. பிள்ளை வேண்டுமென்று இருந்தும் வறுமையினாலோ வீட்டாரின் நெருக்கடியினாலோ வந்தவள் ரொம்ப நாள் துக்கப்பட்டாள். ஒருத்தி மறுநாளே களையெடுக்கப் போய்விட்டாள், அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அழுகிறவளை அழாதே என்றும், அழாதவளை அழு என்றும் நான் சொல்வதில்லை.

2021-இல் சட்டத்தைத் திருத்தி, கணவன் என்றிருந்த இடத்தில் துணைவர் என்று எழுதினார்கள். மறு வருஷம் உச்ச நீதிமன்றம், அந்தத் திருத்தம் சில பெண்களுக்கு நீட்டித்த 24 வாரம் வரைக்குமான உரிமை கல்யாணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் போன் வரும். போன வருஷம் ஒரு பெண். புருஷன் திருப்பூரில் வேலை, வீட்டில் மாமியாருக்குத் தெரியாது. மாலையில் வந்து எல்லாம் கேட்டுவிட்டுப் போனாள். ராத்திரி பதினொன்றரைக்கு, கழிவறையிலிருந்து பேசினாள். குரல் பல்லில் மோதி மோதி வந்தது.

"குளிருது நர்சம்மா."

"குளிரும்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க" என்றாள். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.