எட்டு மணி நேரத் தீவுகள்

கரீபியன் கடலில் உல்லாசக் கப்பலேறிச் செல்லும் பிரயாணிக்கு, கப்பல் முதல் தீவை அணுகுவதற்கு வெகு முன்பே, பல சமயங்களில் அவர் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கும் முன்பே, கரைச் சுற்றுலாக்களின் ஜாபிதா ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. அருவியில் ஏறுவதா, கோட்டையைப் பார்ப்பதா, திருக்கை மீன்களுக்கு நடுவே இடுப்பளவு நீரில் நிற்பதா, ரம் வடிக்கும் ஆலைக்குப் போவதா, அல்லது ஒன்றும் வேண்டாமென்று கடற்கரை மணலில் சாய்ந்து கிடப்பதா என்பதை அவர் தம் மனப்போக்குக்கும் பணப்பைக்கும் ஏற்றபடி தீர்மானித்துக்கொள்ளலாம். காலையில் கரை சேர்ந்து மாலையில் புறப்பட்டுவிடும் கப்பல் ஒவ்வொரு தீவிலும் அவருக்கு அளிப்பது ஏறக்குறைய எட்டு மணி நேரமே. அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்னும் தேர்வு முற்றிலும் தம்முடையதே என்று அவர் எண்ணுவது இயல்புதான். ஆயினும், அந்த ஜாபிதாவின் ஒவ்வொரு வரியும் அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது என்று விசாரித்துப் பார்ப்போமானால், நிலக்கரி, வாழைப்பழம், சர்க்கரை, மது என்று கப்பல்கள் காலந்தோறும் ஏற்றி இறக்கிய சரக்குகளே பிரயாணியின் பாதையையும் அவருக்கு முன்னதாக வகுத்து வைத்திருக்கின்றன என்பது புலப்படும்.

ஆதியில் கரையிறங்குதல் உல்லாசத்துக்காக ஏற்பட்டதன்று. 1839-ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்று, 1842-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தபால் கொண்டுசெல்லத் தொடங்கிய பிரிட்டிஷ் ராயல் மெயில் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் வழியில் நிலக்கரி ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தமையால், செயின்ட் தாமஸ், செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ், ஜமைக்காவின் கிங்ஸ்டன் முதலிய துறைமுகங்களில் மணிக்கணக்காக நின்றன. கரியை ஏற்றியவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அடிமைத்தளை அறுந்த பின்னும் வேறு பிழைப்பின்றி, கூடை நிறையக் கரியைத் தலையில் சுமந்து, பலகைப் பாலத்தின் வழியே வரிசையாக ஏறி இறங்கினார்கள். அந்தக் கரித்தூள் அறைகளுக்குள் புகாதிருக்கக் கதவுகளையும் சாளரங்களையும் அடைத்துவிட்டால் வெப்பமண்டலத்துப் புழுக்கத்தில் உள்ளே இருக்க முடியாது. ஆகவே பிரயாணிகள் கரைக்குப் போனார்கள். அவர்களுக்காகக் குதிரை வண்டிகள் காத்து நின்றன. பழக்காரிகள் கடை பரப்பினார்கள். சிறுவர்கள் தோணியில் கப்பலைச் சூழ்ந்து, மேல்தளத்திலிருந்து எறியப்படும் நாணயங்களை நீருக்குள் பாய்ந்து எடுத்தார்கள். வண்டிக்காரன் சொன்ன கூலியும் அவன் காட்டிய வழியுமே அன்றைய சுற்றுலா. கப்பலுக்கு அதில் பங்கும் இல்லை, பொறுப்பும் இல்லை.

அந்த இடைவேளையையே வியாபாரச் சரக்காக்கியவர்களில் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின். அட்லாண்டிக்கைக் கடந்து ஆட்களை ஏற்றிச்செல்லும் தொழில் குளிர்காலத்தில் மந்தமாகிப் பெரிய கப்பல்கள் வீணே நிற்பதைக் கண்ட அவர், 1891 ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி, வழியிலுள்ள புராதன ஸ்தலங்களைக் கரையிறங்கிக் காணவும் ஏற்பாடு செய்தார். அது வெற்றி பெற்றதும், சரக்கும் தபாலும் இன்றி உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸே’ என்ற கப்பல் 1901 ஜனவரி இறுதியில் நியூயார்க்கிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டது. அதில் அனைத்தும் முதல் வகுப்பு அறைகள். பிரயாணிகள் தாம் எடுத்த புகைப்படங்களைக் கழுவிக்கொள்ள ஓர் இருட்டறை கூட இருந்தது. கரையில் பார்ப்பதும், பார்த்ததைப் பிடித்துக்கொண்டு வருவதும் பிரயாணத்தின் உபரியாக இருந்த நிலை மாறி, அதுவே அதன் பிரதான நோக்கமாகிவிட்டமைக்கு அந்தச் சிற்றறையைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டியதில்லை. 1906 டிசம்பரில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்துக்கு அருகே பாறையில் மோதி அந்தக் கப்பல் அழிந்தது. அது காட்டிய வழி அழியவில்லை.

ஜெர்மானியர் வகுத்த முறைக்கு அகலமான பாதை போட்டுக் கொடுத்தது வாழைப்பழம். 1870-ஆம் ஆண்டில் லோரன்ஸோ டௌ பேக்கர் என்ற மாலுமி ஜமைக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வாழைத்தார்களைக் கொண்டுபோய் விற்று லாபம் கண்டார். அதிலிருந்து கிளைத்த வியாபாரம் 1899-இல் யுனைடெட் புரூட் கம்பெனியாக உருவெடுத்தது. பழம் வெப்பத்தில் கெடாதிருக்க வெள்ளை வண்ணம் பூசப்பட்ட அதன் கப்பல்கள் தெற்கே வரும்போது பிரயாணிகளையும், வடக்கே திரும்பும்போது பழங்களோடு பிரயாணிகளையும் ஏற்றிச் சென்றன. வந்தவர்கள் தங்குவதற்கென்று ஜமைக்காவின் வாழைத் துறைமுகமான போர்ட் அன்டோனியோவில் டிட்ச்பீல்டு ஹோட்டலை எழுப்பியவரும் பேக்கரே. அவ்வூரை அடுத்த ரியோ கிராண்டே ஆற்றில் மலைத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார்களைக் கொண்டுவர மூங்கில் தெப்பங்கள் ஓடின. 1940-களில் அங்கே குடியேறிய திரைப்பட நடிகர் எரால் பிளின் தம் நண்பர்களைத் தெப்பங்களில் அமர்த்திப் பந்தயம் விட்டதிலிருந்துதான் அது வெளியூராருக்குரிய விளையாட்டாயிற்று என்று ஊரார் சொல்வார்கள். இன்று தாருக்குப் பதில் தம்பதிகள் அமர்கிறார்கள். நீண்ட கழியால் ஊன்றித் தள்ளும் தெப்பக்காரரின் திறமை மட்டும் பழைய தொழிலுக்குரியதாகவே நிற்கிறது.

சரக்கு மட்டுமன்றி, துன்பமும் காலம் சென்றபின் காட்சியாகிவிடுகிறது. 1902 மே 8-ஆம் நாள் மார்த்தினிக் தீவின் பெலே எரிமலை குமுறி, செயின்ட் பியேர் நகரை ஒரு சில நிமிஷங்களில் சாம்பலாக்கி, ஏறத்தாழ முப்பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. தடித்த கற்சுவர் கொண்ட சிறையறைக்குள் இருந்தமையால் சிப்பாரிஸ் என்ற கைதி பிழைத்தான். அதுவரை மார்த்தினிக்கின் நாடகசாலைக்கும் வியாபாரத்துக்கும் பெயர்பெற்றிருந்த நகரம், அதன் பின்னர் இடிபாடுகளுக்காகவே பிரயாணிகள் நாடும் இடமாயிற்று. அந்தச் சிறையறை இன்றும் காட்டப்படுகிறது. பேரழிவு நேர்ந்த தெருவில் நின்று படமெடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் காலத்தில் தோன்றியதென்று எண்ணுவார்க்கு இது தக்க விடை.

வாழைக்கு அடுத்து வழிகாட்டியது மது. இன்னும் சரியாகச் சொன்னால், மதுவுக்கு விதித்த தடை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில், கீ வெஸ்டிலிருந்து ஏறத்தாழ 90 கடல் மைல் தொலைவிலுள்ள கியூபாவின் ஹவானா நகரம் தாகமுற்ற அமெரிக்கருக்குப் புகலிடமாயிற்று. குடிக்கடை, குதிரைப் பந்தயம், சூதாட்டம், இரவு நடனம் என்று அந்நகரின் கரைச் சுற்றுலா பகலிலிருந்து இரவுக்கு நகர்ந்தது. தடை நீங்கிய பின்பும் பழக்கம் நீங்கவில்லை. கியூபாவில் பிறந்த பக்கார்டி ரம் கம்பெனி 1936-இல் போர்ட்டோ ரிக்கோவில் ஆலை தொடங்கியது; ஸான் ஹுவான் துறைமுகத்தில் இறங்கும் பிரயாணிகளின் ஜாபிதாவில் அந்த ஆலையும் எல் மோரோ கோட்டையும் இன்றும் அருகருகே நிற்கின்றன.

1959-இல் கியூபப் புரட்சி வென்று, அமெரிக்கருக்கு ஹவானாவின் வாசல் அடைபட்டபோது, அந்தக் கூட்டம் வேறு கரைகளை நாடியது. 1917-இல் டென்மார்க்கிடமிருந்து 2 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்கா வாங்கியிருந்த தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ், தன் சுங்கச் சலுகையின் பலத்தால் கடைவீதித் தீவாக மாறியது. ஒரு காலத்தில் சர்க்கரையும் ரம்மும் அடுக்கப்பட்டிருந்த டேனிஷ்காரரின் கல்மண்டிகளில் நகைகளும் கடிகாரங்களும் இடம் பிடித்தன. இதே வேளையில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் கப்பல்களின் தொழிலைப் பறித்துக்கொண்டிருந்தன. பிழைக்க வழி தேடிய கப்பல்காரர்கள் வெயிலை நோக்கித் திரும்பினார்கள். 1966 டிசம்பரில் நார்வேயைச் சேர்ந்த நுட் குளோஸ்டரும் இஸ்ரேலியரான டெட் ஆரிஸனும் கூட்டாக மயாமியிலிருந்து ‘ஸன்வர்ட்’ கப்பலைச் செலுத்தினார்கள். 1970-இல் கரீபியன் உலாவுக்கென்றே கட்டப்பட்ட ‘ஸாங் ஆப் நார்வே’ வந்தது. வாரந்தோறும் அதே துறைமுகங்கள், அதே கிழமை, அதே நேரம் என்ற ஒழுங்கு இவ்வாறு ஏற்பட்டதும், கரைச் சுற்றுலாவும் ஆலைப் பொருளைப்போல் ஒரே அளவில் வார்க்கப்படலாயிற்று.

அந்த ஒழுங்கின் வழியே ஒரு பழைய வழக்கும் கூர்மையடைந்தது: பிரயாணியின் எட்டு மணி நேரம் யாருக்குச் சொந்தம்? துறைமுக வாசலில் நிற்கும் டாக்ஸி ஓட்டுநர், பழைய குதிரை வண்டிக்காரனின் வாரிசு. அவர் கேட்பது குறைவு, காட்டுவது அதிகம், வழியில் தம் ஊர்க்கதையும் சொல்வார். கப்பலில் விற்கப்படும் சுற்றுலாவோ விலை கூடியது. அதில் கணிசமான பங்கு கம்பெனிக்குப் போக, மிச்சமே தீவின் வண்டிக்காரருக்கும் வழிகாட்டிக்கும் கிட்டுகிறது. ஆனால் கம்பெனியின் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. கப்பல் ஏற்பாடு செய்த வண்டி தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தனியே போனவர் தாமதித்தால் கப்பல் போய்விடும். அச்சத்துக்கு விலை உண்டென்பதை வியாபாரிகள் அறிவார்கள்.

அடுத்த படி, ஜாபிதாவோடு தீவையும் கம்பெனியே வைத்துக்கொள்வது. 1977-இல் பஹாமாஸின் கிரேட் ஸ்டிரப் கே என்ற சிறு தீவை ஒரு கம்பெனி வாங்கியது. 1980-களில் ஹெய்ட்டியின் லபாடி கடற்கரை வேலியிடப்பட்டு இன்னொரு கம்பெனியின் உபயோகத்துக்குக் குத்தகையாயிற்று. இத்தகைய இடங்களில் உணவும் கம்பெனியுடையது, நாற்காலியும் கம்பெனியுடையது. பிரயாணி ஒரு நாட்டில் கால்வைத்தும் அந்நாட்டைக் காணாமலே திரும்பலாம். அரசாங்கங்களின் நிலையும் இக்கட்டானது. தலைக்கு ஒன்றரை டாலர் வீதம் குப்பை அகற்றும் தீர்வை விதித்த கிரெனடாவை 1999-இல் ஒரு பெரிய கம்பெனி தன் பயண வழியிலிருந்தே நீக்கிவிட்டது. அடுத்த தீவு அண்மையில் இருக்கும் கடலில் பேரம் பேசும் பலம் கப்பலுக்கே உண்டு. ஆன்டிகுவாவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட் 1988-இல் ‘எ ஸ்மால் பிளேஸ்’ என்ற நூலில் வந்துபோகும் பிரயாணியை நேருக்கு நேர் விளித்துக் கடுமையாகப் பேசியதன் பின்னணியில் இந்த ஏற்றத்தாழ்வும் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பின், தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரிக்க வேண்டியதில்லை. சரக்குகள் வகுத்த பாதை என்று தெரிந்துகொண்டே அதில் நடப்பவருக்கு, அந்தப் பாதையே சரித்திர பாடமாகிவிடுகிறது. செயின்ட் கிட்ஸ் தீவில் 1912-க்கும் 1926-க்கும் இடையே கரும்பு ஏற்றிச்செல்லப் போடப்பட்ட குறுகிய ரயில்பாதையில் 2003 முதல் பிரயாணிகள் வண்டி ஓடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தீவின் சர்க்கரைத் தொழிலே மூடப்பட்டது. சன்னலுக்கு வெளியே தெரியும் புதர் மண்டிய வயல்கள் இயற்கை எழில் என்று விளம்பரம் சொல்லும். மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஒரு தீவைக் கட்டியாண்ட பயிர் விட்டுப்போன வெறுமை அது என்பதை அறிந்தவர் அறிவார். பஹாமாஸின் நஸௌ நகரில் அரசியின் படிக்கட்டு என வழங்கும் படிகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையைக் கையால் குடைந்தவை. ஆன்டிகுவாவில் நெல்ஸன் பெயரால் புகழ்பெற்ற கப்பல் பட்டறையைக் கட்டிய கைகளும் பெரும்பாலும் அடிமைகளுடையவையே. 1889-இல் பிரிட்டிஷ் கடற்படை கைவிட்ட அந்த இடம் செப்பனிடப்பட்டு 1961-இல் காட்சியிடமாகத் திறக்கப்பட்டது.

தமிழருக்கென்று ஒரு நிறுத்தமும் உண்டு. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 1853 முதல் மார்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டு முதல் குவாதலூப்புக்கும் கப்பலேற்றப்பட்டவர்களில் மிகப் பலர் தமிழர். குவாதலூப்பில் கார்பே அருவியைக் காணச் செல்வோரின் பாதையிலுள்ள காபெஸ்தேர் வட்டாரத்தில், ஷாங்ஜி என்னுமிடத்தில் வண்ணச் சுதைச் சிற்பங்களோடு கோயிலொன்று நிற்கிறது. தமிழ் பேச்சு வழக்கிலிருந்து மறைந்து தலைமுறைகள் ஆகியும் மாரியம்மன் வழிபாடு அத்தீவில் மறையவில்லை. அருவிக்குச் செல்லும் வண்டி அங்கே நிற்குமா என்பது, ஜாபிதாவை எழுதியவர் எவற்றைக் காணத்தக்கவை என்று கருதினார் என்பதைப் பொறுத்தது.

ஆகையால், சுற்றுலாவைத் தேர்ந்துகொள்ளும் பிரயாணி விலையையும் நேரத்தையும் விசாரிப்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது உசிதம்: இந்த வழியில் முன்பு போனது என்ன சரக்கு, இன்று என் பணம் போய்ச் சேருவது யார் கையில்? முதற்கேள்வி கண்ணுக்குப் பயன் தரும். இரண்டாவது தீவுக்குப் பயன் தரும். இரண்டுக்கும் விடை கண்டு புறப்படுபவர், கப்பலின் வண்டியில் போனாலும் சரி, வாசலில் நிற்கும் ஓட்டுநரை நம்பிப் போனாலும் சரி, முன்கூட்டி எழுதப்பட்ட அந்த ஜாபிதாவில் தம்முடையதாக ஒரு வரியையாவது சேர்த்தவராவார்.