வாலறுந்த சுட்டி

திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரைச் சிட்கோ தொழிற்பேட்டையை வைத்தே பலரும் அறிவார்கள். 2011 செப்டம்பர் 15-க்குப் பிறகு அந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் சேர்ந்தது. அண்ணா பிறந்த நாளான அன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைக் காக்களூரில்தான் தொடங்கிவைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, கறவை மாடு, ஆடு ஆகியவற்றுக்கான திட்டங்களும் அதே நாளில் அங்கே தொடங்கின. கறவை மாட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினியும் தமிழகத்து வீட்டுப் பொருள்களின் வரிசையில் இடம்பிடித்தது.

ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு மடிக்கணினி என்பது அப்போதைய இலக்கு. கொள்முதல் செய்யும் பொறுப்பு தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துடையது. திரையின் அளவு, நினைவகம், இயங்குதளம் என எல்லாவற்றையும் அரசின் ஒப்பந்தப்புள்ளியே முடிவு செய்தது. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்தக் கணினிகளில் இருந்தது. மாணவர் தேர்ந்தெடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை. கிடைத்ததை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். அவர் தாமே கடைக்குப் போய், கையில் எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டு வேறொன்றை எடுத்த கணினிப் பொருள் பல வீடுகளில் இரண்டுதான்: பென் டிரைவ், மவுஸ்.

மடிக்கணினியில் தொடுதளம் இருக்கும்போது தனியாக மவுஸ் எதற்கு? கடலோரத்தில் வாழ்கிறவர்களின் விரல்களுக்கு இதற்கு விடை தெரியும். தொடுதளம் விரலின் மின்தேக்குத் திறனை உணர்ந்து வேலை செய்வது. வியர்வையில் நனைந்த விரல் பட்டால் அம்புக்குறி திரையில் தாவும், நடுங்கும், சில நேரம் அசையாமல் நின்றுவிடும். பழவேற்காடு ஏரிக்காற்று வீசும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஆண்டில் பெரும்பகுதி ஈரப்பதம்தான். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் கையுறை போட்டு வேலை செய்பவருக்கோ தொடுதளம் அறவே பயன்படாது. மவுஸுக்குக் கையுறையும் தெரியாது, வியர்வையும் தெரியாது. பிடித்து நகர்த்தினால் நகரும்.

அந்த மவுஸின் கதை மரக்கட்டையில் தொடங்குகிறது. 1964-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் முதல் மாதிரியைச் செய்தார். உள்ளங்கையில் அடங்கும் மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். பின்னால் நீண்ட ஒயர் எலியின் வாலைப்போல் இருந்ததால் ஆய்வகத்தில் அதை ‘எலி’ என்றார்கள். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பர்ட் அதை உலகுக்குக் காட்டினார். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனமும் அதே ஆண்டில் உருளும் பந்து கொண்ட ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. சக்கரங்களின் இடத்தைப் பந்து பிடித்தது. 1984-இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் வந்த பிறகு மவுஸ் ஆய்வகத்தைவிட்டு மேசைக்கு வந்தது.

தமிழில் இதற்கு ‘எலி’ என்ற பெயர் ஒட்டவில்லை. ‘சுட்டி’ என்ற சொல் நிலைத்தது. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளை இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இதன் பொருத்தம் உடனே விளங்கும். ‘அது’, ‘இது’ என்று காட்டுவதே இந்தக் கருவியின் முழு வேலை. குறும்புக்காரக் குழந்தையையும் நாம் சுட்டி என்றுதான் அழைக்கிறோம். குறும்பு எல்லை மீறினால் ‘வாலறுந்தது’ என்கிறோம். ஒயர் இல்லாத மவுஸுக்கு ‘வாலறுந்த சுட்டி’யைவிடப் பொருத்தமான பெயர் வேறு மொழியில் கிடைப்பது கடினம். ஆனாலும் கடைத்தெருவில் அது ‘வயர்லெஸ் மவுஸ்’தான்.

வாலை அறுக்கும் முயற்சி சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1981-இல் சுவிட்சர்லாந்தின் ஆப்பிள்ஸ் என்ற கிராமத்தில் தொடங்கப்பட்ட லாஜிடெக், 1984-இல் மெட்டஃபர் நிறுவனத்தின் கணினிக்காக அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ஒயரில்லா மவுஸைச் செய்துகொடுத்தது. அது டி.வி. ரிமோட் போலத்தான். குறுக்கே ஒரு புத்தகம் இருந்தாலும் வேலை செய்யாது. 1991-இல் அதே நிறுவனம் ரேடியோ அலையில் இயங்கும் மவுஸைக் கொண்டுவந்தது. இனி இடையில் புத்தகம் கிடந்தாலும் கவலையில்லை.

ரேடியோ அலை என்றதும் இந்தியாவில் இன்னொரு கேள்வி எழும்: உரிமம் எங்கே? 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, கம்பியில்லாக் கருவியைக் கையில் வைத்திருக்கவே அனுமதி வேண்டியிருந்தது. வீட்டு வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கியதை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1980-களின் நடுப்பகுதியில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. கேட்க மட்டுமே தெரிந்த பெட்டிக்கே அத்தனை கெடுபிடி என்றால், அலையை அனுப்பவும் செய்யும் கருவியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பூட்டைத் திறந்தது 2005 ஜனவரி 28 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், குறைந்த திறனில் இயங்கும் ஒப்புதல் பெற்ற கருவிகளை வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அது சொன்னது. வைஃபை, புளூடூத், இன்றைய ஒயரில்லா மவுஸ் மூன்றும் இந்த வரிசையில் ஓடுகின்றன. கல்லூரி மாணவியின் பையில் கிடக்கும் சின்ன மவுஸுக்கும் வானொலி உரிமத்துக்கும் ஒரே சட்டம்தான் மூதாதை.

இன்னொரு பூட்டு, மவுஸின் வயிற்றுக்குள் இருந்தது. 1990-களில் கணினி மையங்களுக்குப் போனவர்கள் பந்து மவுஸைத் தலைகீழாகத் திருப்பி, மூடியைத் திருகி, பந்தை எடுத்து, உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டியிருப்பார்கள். சாலைப் புழுதியும் ஆலைத் தூசியும் உள்ள ஊரில் அது வாராவாரம் செய்யும் வேலை. 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பந்தில்லாத ஒளியியல் மவுஸ் அந்த வேலையை ஒழித்தது. அதன் அடியில் ஒரு சின்ன விளக்கும் ஒரு நுண்கேமராவும் இருக்கும். பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை படமெடுத்து, ஒவ்வொரு படமும் முந்தையதிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று அது கணக்கிடும். சிமென்டுத் தரை, பாய், நோட்டுப் புத்தகத்தின் அட்டை எல்லாமே அதற்கு மேசைதான். தரையில் சம்மணமிட்டுப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கண்ணாடி மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் 2009-இல் லாஜிடெக் தனி உணரி கண்டுபிடித்தது.

மடிக்கணினிக்காரர்களுக்கு 2007 முக்கியமான ஆண்டு. அதுவரை மவுஸின் அலையை வாங்கும் ரிசீவர், கட்டைவிரல் அளவில் கணினியின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். பேருந்து நெரிசலில் பையோடு இடித்தால் உடையும். கழற்றி வைத்தால் தொலையும். அந்த ஆண்டு லாஜிடெக் கொண்டுவந்த நானோ ரிசீவர் நகக்கண் அளவே வெளியே தெரிந்தது. செருகிவிட்டு மறந்துவிடலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. காக்களூரில் மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அதற்கு ஏற்ற மவுஸ் தயாராகக் காத்திருந்தது.

சரி, எங்கே போய் வாங்குவது? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆகிய இரண்டு ஊர்களையும் சென்னையோடு இணைப்பது புறநகர் மின்ரயில். இரண்டு பாதைகளும் 1979-இல் மின்மயமாயின. ஒன்று புட்லூர், திருநின்றவூர், ஆவடி வழியாகவும், மற்றொன்று கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் வழியாகவும் வந்து, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் சேர்கின்றன. பழைய புத்தகமும் பழைய பொருளும் விற்ற மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான இடம் அது. அங்கிருந்து அண்ணா சாலைப் பக்கம் நடந்தால் ரிச்சி தெரு.

ரிச்சி தெருவும் வானொலியின் பிள்ளைதான். ரேடியோ வால்வு, ஸ்பீக்கர், டிரான்சிஸ்டர் என்று உதிரிபாகம் விற்ற கடைகள், டேப் ரெக்கார்டர், டி.வி. காலங்களைக் கடந்து கணினிக் கடைகளாயின. இன்று அந்தப் பெயர் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று சுற்றியுள்ள தெருக்கள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் மவுஸ்கள் அடுக்கியிருக்கும். கேட்டால் கடைக்காரர் இரண்டு மூன்றை எடுத்து மேசைமீது வைப்பார். ஒப்பந்தப்புள்ளி முடிவு செய்யாத தேர்வு அந்த மேசையில்தான் நடக்கிறது.

அங்கே முதல் கேள்வி, டாங்கிள் எனப்படும் ரிசீவரோடு வருவதா புளூடூத்தா என்பது. டாங்கிள் வகையைச் செருகியதும் வேலை செய்யும். எந்த இயங்குதளமானாலும் பெரும்பாலும் தகராறு இல்லை. ஆனால் ஒரு யு.எஸ்.பி. துளையை அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். புளூடூத் மவுஸுக்குத் துளை வேண்டாம். செல்பேசியோடும் டேப்லட்டோடும்கூட இணையும். பழைய மடிக்கணினியில் புளூடூத் வசதி உண்டா என்பதை மட்டும் முன்னமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அந்த டாங்கிளை எங்கே செருகுவது என்பது. யு.எஸ்.பி. 3.0 துளைகளும் அவற்றில் செருகிய ஹார்டு டிஸ்குகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலேயே இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. அம்புக்குறி தடுக்கித் தடுக்கி ஓடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். மவுஸைக் குறை சொல்லிப் பயனில்லை. டாங்கிளை மறுபக்கத் துளைக்கு மாற்றினாலே சரியாகிவிடும். கும்மிடிப்பூண்டி ஆலை அலுவலகங்களில் இன்னொரு சங்கதியும் சேரும். அங்கே மேசையும் இரும்பு, அலமாரியும் இரும்பு. கணினி இரும்பு மேசைக்கு அடியிலும் டாங்கிள் அதன் முதுகிலும் இருந்தால், ரேடியோ அலை உலோகத் தகட்டைத் தாண்டி வரத் திணறும். சின்ன நீட்டிப்பு ஒயர் ஒன்றால் டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்தால் போதும்.

மூன்றாவது, செல். பென்சில் செல் போடும் மவுஸ் மாதக்கணக்கில் ஓடும். தீர்ந்தால் தெருமுனைக் கடையிலேயே செல் கிடைக்கும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நீடித்தபோது, ஜாடியில் தண்ணீர் இருப்பதுபோல் வீட்டில் ஒரு செல் இருப்பு இருந்தது. இன்றைக்கு சார்ஜ் செய்யும் வகை பெருகிவிட்டது; செலவு மிச்சம். செல் போடும் வகையை வாங்கியவர்கள், கோடை விடுமுறையில் மவுஸைத் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைப்பது அவசியம். மலிவான செல் வெயில் காலத்தில் கசிந்து உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை அரித்துவிடும்.

நான்காவதைப் பற்றி கடையில் யாரும் பேசுவதில்லை. அது பாதுகாப்பு. 2016-இல் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவன ஆய்வாளர்கள், பெயர்பெற்ற பல நிறுவனங்களின் டாங்கிள்களில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். அருகே இருக்கும் ஒருவர், மவுஸின் டாங்கிள் வழியாகவே கணினிக்குப் பொய்யான விசையழுத்தங்களை அனுப்ப முடிந்தது. சில நிறுவனங்கள் பிறகு திருத்தம் வெளியிட்டன. கணக்கு வழக்கும் வங்கிப் பரிமாற்றமும் நடக்கும் ஆலை அலுவலகத்துக்குப் பெயர் தெரியாத மவுஸை விலையைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

மடிக்கணினித் தொழிலில் இந்த வட்டாரம் இன்று வெறும் நுகர்வோர் இல்லை. டெல் நிறுவனம் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. அங்குள்ள ஃபிளெக்ஸ் நிறுவன ஆலையில் எச்.பி. மடிக்கணினிகளும் தயாராகின்றன. மவுஸ் மட்டும் இன்னும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. லாஜிடெக் 1994-இல் சீனத்தின் சுஜோவில் சொந்த ஆலை அமைத்தது; தொழில் அந்தப் பக்கமே வேரூன்றிவிட்டது. பிளாஸ்டிக் வார்ப்புக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் இங்கே ஆட்களும் ஆலைகளும் இருக்கும்போது, இந்த உள்ளங்கைப் பொருள் நம் பக்கத்தில் பெருமளவில் தயாராகாமல் இருப்பது ஆதங்கமாகவே இருக்கிறது.

2025 மார்ச்சில் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு டேப்லட் அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. கருவி மாறினாலும் வியர்வையும் ஈரக்காற்றும் மாறவில்லை; அந்த மாணவர்களிலும் பலர் மவுஸ் தேடி மின்ரயில் ஏறுவார்கள். பணம் கொடுப்பதற்கு முன் மவுஸைத் திருப்பி, வயிற்று மூடியைத் திறந்து பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். செல்லுக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகி வைக்க ஒரு சின்னக் குழி இருக்கிறதா? இருந்தால் மூர் மார்க்கெட் நடைமேடைக் கூட்டத்திலும் அது தொலையாமல் வீடு வந்து சேரும்.