நிறப்பெயர்களும் சமூக வரலாறும்

நிறப்பெயர்களை இயற்கை தந்தவையாகக் கருதுவது வழக்கம். வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, அவை உழைப்பினதும் வாணிபத்தினதும் விளைவுகள் என்பதை நாம் காண்கிறோம். மஞ்சள், காவி, சாம்பல் என்பன முதலிற் பொருட்பெயர்கள், பின்னரே நிறப்பெயர்களாயின. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள சாம்பல்தீவும் அத்தகைய சொல்லொன்றையே தன் பெயரிற் கொண்டுள்ளது.

இன்று புள்ளிவிபரப் படங்கள் வரையப் பரவலாகப் பயன்படும் 'ஆர்' என்னும் கணினிமொழி, 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபேட் ஜென்டில்மன் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. அதன் 657 நிறப்பெயர்கள், 1984இல் அமெரிக்காவின் மாசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் தொடங்கப்பெற்ற 'எக்ஸ்' சாளர முறைமையின் பட்டியலைத் தழுவியவை. சாம்பல் நிறத்துக்கு மட்டும் 0 முதல் 100 வரை எண்ணிட்ட பெயர்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலின் இரு வடிவங்களிலும் உள்ளன. 'இந்தியச் சிவப்பு' உண்டு. கீழைத்தேயத்து அவுரியின் பெயரில் நீலம் எதுவும் இல்லை.

இப்பட்டியல் யாருடைய கண்கொண்டு பார்க்கிறது? 'இந்தியச் சிவப்பு', செம்மண் நிறமியை வாங்கியோரின் சொல். ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் அகழ்தல் அரசின் ஏகபோகமாயிருந்தது; அக்கடமை குறிப்பிட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்டது. அவர்கள் தோண்டிய வேரின் சிவப்புக்கு இப்பட்டியலில் இடமில்லை. பண்டத்தில் உழைப்பு மறைந்துபோவதை மார்க்ஸ் விளக்கினார். நிறப்பெயரிலும் அதுவே நிகழ்கிறது.

பெயர் வெறும் மரபே என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 'ஆர்' மொழியின் 'பச்சை' பளிச்சிடும் முழுப்பச்சை; இணையப் பக்கங்களின் 'பச்சை' அதனிலும் ஏறக்குறைய பாதி ஒளியே உடையது. ஒரே சொல்லால் இரு நிறங்கள் சுட்டப்படுகின்றன.

இம்மரபு வரைபடத்தில் இடம்பெறும்போது அரசியலாகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகியோருள் எவரும் பாதியை எட்டவில்லை. பெருந்தொகையினருக்குரிய நிறத்தை மாவட்டம் முழுவதற்கும் தீட்டும் வரைபடமோ, அங்கு வாழ்வோருள் பாதிக்கு மேற்பட்டோரை ஒரு சொல்லால் மறைத்துவிடுகிறது. கணக்கில் வழுவில்லை, வழு, ஒரு நிலத்துக்கு ஒரு நிறமே உண்டு என்னும் கருத்திலேயே உளது. ஆதலின் நிறத்தைத் தெரிவுசெய்யுமுன், அது யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என வினவுதல் ஆய்வாளரின் கடமையாகும்.