தாது வருடத்தின் கணக்கு

1876இல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டிலும் வானம் இரங்கவில்லை. பசிபிக் பெருங்கடல் அளவுமீறிச் சூடேறிய எல் நினோ அதை மேலும் கொடிதாக்கியது என்பதை இன்று அறிவோம். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் எங்கும் பரவிய அந்தப் பஞ்சத்தில், குறைந்த மதிப்பீட்டின்படி பார்த்தாலும், ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. பயிரைக் கருக்கியது வறட்சி. ஆனால் இத்தனை உயிர்கள் போனதில் அன்றைய வணிகக் கொள்கைக்கும் பெரும் பங்குண்டு என்பதே என் வாதம்.

அரசிடம் வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றாண்டுகளுக்கு முன், 1873–74இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது, ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை அரசுச் செலவில் இறக்கினார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்கு அவருக்குக் கிடைத்ததோ, பணத்தை வீணடித்தார் என்ற கண்டனம். அதே டெம்பிளை 1877இல் சென்னைக்கு அனுப்பினார் வைசிராய் லிட்டன். இம்முறை சிக்கனம்தான் கட்டளை. நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும் கூலி. உடலுழைப்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எழுத்து மூலம் எதிர்த்தார். அதற்கு முன்பே ஆளுநர் பக்கிங்ஹாம் தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றதும் லிட்டன் அரசுக்குப் பிடிக்கவில்லை. அரசு சந்தையில் இறங்கினால் வணிகர் ஒதுங்கிவிடுவர் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. தனியார் வணிகர்கள் ரயிலிலும் கப்பலிலும் ஏராளமான தானியம் கொண்டுவந்தார்கள். அது இல்லாவிட்டால் சாவு இன்னும் பெருகியிருக்கும். அதே ஆண்டுகளில் பிரிட்டனுக்குக் கப்பலேறியதும் பெரும்பாலும் வடநாட்டுக் கோதுமையே. ஆனால் விலை தானியத்தை அழைத்து வருவது, வாங்கும் கை இருக்கும் இடத்துக்கு மட்டும்தான். வேலையும் மாடும் போய், இருந்த பாத்திரத்தையும் விற்றுவிட்ட கூலிக்காரனுக்கு மூட்டை வந்து இறங்கியதால் என்ன பயன்? 1880இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமே, நாட்டில் மொத்தத்தில் உணவு இருந்தது, மக்களிடம் வருமானம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அப்படியும் தனியார் வணிகத்தின் மீது அது வைத்த நம்பிக்கை குறையவில்லை.

வாதம் அன்றோடு முடியவில்லை. 2022 மார்ச்சில் கடும் வெப்பம் கோதுமைக் கதிரைச் சுருக்கியது. மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்தது. உலக அரிசி வணிகத்தில் சுமார் நாற்பது விழுக்காடு இந்தியாவுடையது. ஆகவே இறக்குமதியை நம்பிய ஏழை நாடுகள் விலையேற்றத்தில் தவித்தன என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் திடீர்த் தடையைத் தவிர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு நாடும் நல்ல விளைச்சல் காலத்தில் போதிய இருப்புச் சேர்க்க வேண்டும். அப்படி உழவரிடம் ஆதரவு விலைக்கு வாங்கிச் சேர்ப்பதையே மானியமாகக் கணக்கிட்டு வரம்பு கட்டுகிறது உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம். அந்தக் கணக்குக்கு அடிப்படை 1986–88ஆம் ஆண்டுகளின் விலை. அவ்வமைப்பின் 2013 பாலி மாநாடு தந்தது இடைக்கால விலக்கு மட்டுமே. நிரந்தரத் தீர்வைத் தேடிய 2024 அபுதாபி மாநாடும் இதில் உடன்பாடின்றிக் கலைந்தது.