கிட்டங்கியும் தண்ணீர்மலையும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாருள் பெரும்பாலோர் அவ்வூரில் குடியேறியவர்கள் அல்லர், தங்கிச் சென்றவர்கள். அவர்களுடைய பினாங்கு வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடே திறவுகோலாகும். கடல் கடந்து தொழில் செய்வதை அவர்கள் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்றனர். அந்தப் போதலில் திரும்பி வருதலும் அடங்கியிருந்தது. மனைவி மக்கள் செட்டிநாட்டு வீட்டில் இருக்க, மேலாளாகவோ அவருக்குத் துணையான அடுத்தாளாகவோ பெட்டியடிப் பையனாகவோ சம்பளம் பேசிக் கப்பலேறியவர், பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, அதாவது வரவுசெலவும் இருப்பும் தொகுத்து முதலாளியிடம் ஒப்புவித்து, ஊர் திரும்புவார்.

இடைப்பட்ட காலத்தில் அவர்கள் இரவுகளைக் கழித்த இடம் கிட்டங்கி. சரக்கு வைக்கும் ‘கிடங்கு’ என்பதோடு உறவுடைய இச்சொல், நகரத்தார் வழக்கில் தொழிலிடமும் உறைவிடமும் ஒன்றேயான நீண்ட கட்டடத்தைக் குறித்தது. ஒரே கூடத்தில் பல கடைகள் இயங்கின. கடை என்பது இங்கே சுவரோரம் வைத்த ஒரு பெட்டியும், அதன்முன் தரையில் சம்மணமிட்டு அமரும் ஓர் இடமுமே. சாய்வான மூடியின் மேல் பேரேட்டை விரித்து எழுதவும், உள்ளே கடன் சீட்டுகளை வைத்துப் பூட்டவும் அப்பெட்டி பயன்பட்டது. பகலில் தோட்டக்காரரும் ஈயச் சுரங்கக்காரரும் சிறு வணிகரும் வந்து கடன் பேசிய அதே தரையில், இரவில் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே பாய்கள் விரிக்கப்பட்டன; சமையலும் பொதுவாகவே நடந்தது. வீட்டாரைப் பிரிந்து வாழ்ந்த ஆடவர் ஒருவரையொருவர் கண்காணித்தும் காத்தும் கொண்ட இந்த ஏற்பாடு, சிக்கனத்துக்காக மட்டும் உருவானதன்று. கணக்கில் ஒருவர் பெற்ற நற்பெயர் பக்கத்துப் பெட்டிக்காரருக்குத் தெரியாமல் இருக்க முடியாத நிலைதான் அத்தொழிலின் உண்மையான முதல் எனலாம்.

அவர்களுடைய முருகனும் இதே முறையில் தங்க வைக்கப்பட்டதே பினாங்கின் தனிச்சிறப்பு. பினாங்குத் தெருவில் கிட்டங்கிகளின் நடுவே உள்ள ‘கோவில் வீடு’ உற்சவமூர்த்தியின் இருப்பிடமாயிற்று. ஊருக்குப் புறத்தே, அருவி விழும் குன்றின் அடிவாரத்தில், தண்டாயுதபாணி கோவில் 1857இல் எழுந்தது. அருவியையொட்டி அவ்விடத்துக்குத் ‘தண்ணீர்மலை’ என்னும் பெயர் வழங்கியது. தாவரவியல் பூங்கா 1884இல்தான் அப்பக்கம் அமைந்தது என்பதைக் கொண்டு, கோவில் எழுந்த காலத்தில் அது எத்துணை ஒதுங்கிய இடமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். கோவிலின் செலவுகளுக்கு மகமை, அதாவது ஒவ்வொரு கடையும் தன் தொழிலிலிருந்து ஒதுக்கும் பங்கு, துணை நின்றது.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவரப்பட்ட இந்த ரதம் 1894 முதல் ஓடி வருகிறது. வழியெங்கும் தமிழரோடு சீனரும் நேர்ந்துகொண்டு உடைக்கும் தேங்காய்கள் குவியல் குவியலாகத் தெருவை நனைக்க, ஒரு பகல் முழுதும் மெல்ல நகர்ந்து இருட்டிய பிறகே ரதம் தண்ணீர்மலையை அடைகிறது. பூசத்தன்றும் இறைவன் அங்கேயே தங்கி, மறுநாள் மாலை புறப்பட்டு, இரவெல்லாம் வழிநடந்து நகருக்குத் திரும்புகிறான். குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்து, வழியூர்களில் இராத் தங்கிச் செல்லும் நகரத்தார் மரபை அறிந்தவர்க்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது; அங்கே அடியார் இறைவனை நாடி நடக்க, இங்கே இறைவனே நகரை விட்டு மலையடிவாரத்துக்கு இராத் தங்கச் செல்கிறான்.

1930களின் பொருளாதார மந்தமும், 1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானிய ஆட்சியும், அதற்குப் பின்வந்த சட்டங்களும் வட்டித்தொழிலைச் சுருக்கிவிட்டன. கிட்டங்கிகளில் பாய் விரித்தவர்களின் தலைமுறையும் மறைந்தது. ஆயினும் செட்டிநாட்டில் ‘தண்ணீர்மலை’ என்று பிள்ளைக்குப் பெயரிடும் வழக்கம் நிலைத்திருக்கிறது. பினாங்கை ஒருபோதும் பார்த்திராத ஒருவரைக்கூட, கடலுக்கு அப்பாலுள்ள அந்த அருவிக் குன்றின் பெயரால் வீட்டார் நாள்தோறும் அழைக்கின்றனர்.