ஐந்து ஏன் முறை (பணியிடப் பாதுகாப்பு)

விபத்து அல்லது விதிமீறலின் மூலக்காரணத்தைத் தொடர்கேள்விகளால் கண்டறியும் முறை. ஜப்பானின் சகிச்சி டொயோடா தொடங்கியதாகக் கூறப்படும் இதை, டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ பரவலாக்கினார். ஐந்து என்பது வழிகாட்டும் எண் மட்டுமே. காரணம் பிடிபடும்வரை கேட்கலாம்.

தகடுகளை அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் விரல் நசுங்கியதாகக் கொள்வோம். ஏன்? சிக்கிய தகட்டைக் கையால் எடுத்தார். கை எப்படி உள்ளே போனது? இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு கழற்றப்பட்டிருந்தது. ஏன் கழற்றினார்கள்? தடுப்போடு ஓட்டினால் அன்றைய உற்பத்தி இலக்கு எட்டவில்லை. ஏன்? இலக்கை வகுத்தபோது தகடு சிக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஏன்? இயந்திரத்தை ஓட்டுபவரிடம் எவரும் கேட்கவில்லை.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இயந்திரம் இயங்கும்போது தடுப்பு உரிய இடத்தில் இருக்க வேண்டும் என்றது. தடுப்பை மீண்டும் மாட்டினால் அந்த விதியின் தேவை நிறைவேறும். இலக்கு மாறாவிட்டால் அது மறுபடி கழற்றப்படும். முதல் கேள்வியிலேயே ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடுவது ஆய்வே ஆகாது. காயம்பட்டவருக்கு இழைக்கும் அநீதி அது.

விபத்துக்குப் பல காரணங்கள் ஒருசேர அமையும்போது இம்முறையின் ஒற்றைச் சங்கிலி போதாது. அங்கே காரணங்களைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் கவோரு இஷிகாவாவின் மீன்முள் வரைபடம் துணையாகிறது. பணியிடப் பாதுகாப்புக்காக 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 45001 தரநிலை, இத்தகைய காரண ஆய்வில் தொழிலாளர்களும் பங்கேற்க வேண்டும் என விதிக்கிறது.